திருத்தம் ஏழு

சூளகிரியில் மார்கழிப் பனி
காம்பவுண்டுச் சுவரைத் தின்றுவிட்டு
ஷிஃப்ட் பஸ்ஸின் விளக்கை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

ராத்திரி ஷிஃப்டில் கழிவு குறைந்திருந்தது.
அதுதான் என் பிரச்சினை.

குளிர் தொடங்கியதிலிருந்து
நூற்றுக்கு ஆறு என்று கசிகிற பம்ப் கூடு
எட்டாம் எண் மெஷினில், அந்த ஒரு ஷிஃப்டில் மட்டும்,
நூற்றுக்கு ஒன்று.
கூடினால் கூட்டம் போடுவார்கள்,
மீன்முள் படம் வரைவார்கள்,
ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்கச் சொல்வார்கள்.
குறைந்தால் ஒருவரும் கேட்பதில்லை.
‘சாமி புண்ணியம்’ என்றார் குவாலிட்டி நஞ்சேகவுடா,
ரிப்போர்ட்டில் பச்சை பூசினார்.

பதினாறு வருஷமாகப் பிராசஸ் பார்க்கிறேன்.
புண்ணியத்துக்கு யூனிட் கிடையாது.

மகளுக்குக் காய்ச்சல் இல்லாத ஒரு ராத்திரி பார்த்து
ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு மாட்டி
மெஷினுக்கு எதிரே ஒரு பாலெட்டில் உட்கார்ந்தேன்,
ஸ்டாப்வாட்சோடு.

அறுபத்திரண்டு வினாடி.
என் கையெழுத்துப் போட்ட தாள்
பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகிறது:
ஊற்ற, அழுத்த, உறைய, திறக்க, எடுக்க,
அச்சில் மருந்து தெளிக்க, காற்றடிக்க, மூட.
காற்றடிக்க நான்கு வினாடி.
அந்த நான்கை நான்தான் அளந்தேன்,
ஒரு மே மாதம், மத்தியானம் இரண்டு மணிக்கு,
தகரக் கூரை வெந்துகொண்டிருந்தபோது.

திம்மராயன் ஆறு எடுத்தான்.
வேப்பனப்பள்ளிப் பக்கம் ஏதோ ஊர், இருபத்திரண்டு வயது,
காண்ட்ராக்ட்.
ஒவ்வொரு தடவையும் ஆறு.
காற்றுத் துப்பாக்கியை அச்சின் கீழ்மூலைக்குக் கொண்டுபோய்
குளிப்பாட்டிய பிள்ளைக்குக்
காதின் பின்புறம் துவட்டுவது போல.

“ஏன்?” என்றேன். முதல் ஏன்.
பயந்துவிட்டான், மெஷினை நிறுத்தப் போனான்.
“நிறுத்தாதே. சொல்லு.”
“அந்த மூலைல தண்ணி காய மாட்டேங்குது மேடம். குளுருல்ல.”

அவ்வளவுதான்.
தங்கிய ஈரம் ஆவியாகி
ஆவி குமிழாகி
குமிழ் உலோகத்துக்குள் அகப்பட்டு
எங்கோ ஒரு வண்டியின் அடியில் சொட்டும்.
நான் ஆறு வாரம் உலையைச் சந்தேகித்தேன்.

இரண்டு வினாடிக்கு ஷிஃப்டில் பதினாலு பீஸ் குறையும்,
நானூற்று அறுபத்து நாலு இருக்கவேண்டிய இடத்தில்
நானூற்று ஐம்பது.
கழிவைக் கழித்தால் உண்மையில் பத்து கூடுதல்.
கழித்துப் பார்க்கப் பலகையில் கட்டம் இல்லை.
மொத்தம் மட்டும்; குறைந்தவன் பெயர் சிவப்பில்.
அந்தப் பலகையை வடிவமைத்ததற்குப்
போன வருஷம் எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் தந்தார்கள்.

திருத்தம் ஏழு. காற்றடிக்க ஆறு வினாடி,
நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கீழ்மூலையில் கவனம்.
தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர்:
மூன்றே கட்டம்.
முதலாவதில் என் பெயரை டைப் செய்துவிட்டுக்
கொஞ்ச நேரம் கர்சர் துடிப்பதைப் பார்த்திருந்தேன்.

வாடிக்கையாளர் ஒப்புதலுக்குப் பத்தொன்பது நாள்.
அதற்குள் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
வாய்வார்த்தையில் எதுவும் மாறக் கூடாது என்று
ட்ரெய்னிங் எடுப்பவள் நான்.

இருபதாம் நாள் தாளோடு போனேன்.
எட்டாம் எண்ணில் வேறொரு பையன், ஒடிசாக்காரன்,
நான்கே வினாடியில் முடித்துவிட்டு நிமிர்ந்தான்.
பலகையில் சிவப்பு இல்லை.
“அவனா? கவுண்ட் வரல மேடம்,
காண்ட்ராக்டர் மாத்திட்டாரு.”

நம்பர் வாங்கி அழைத்தேன்.
பின்னால் ராயக்கோட்டை தக்காளி மண்டி,
ஏலக்குரல், கிரேட் விழும் சத்தம்.
என்னென்னவோ சொன்னேன்,
திருத்தம், ஒப்புதல், ஹெச்.ஆரிடம் பேசுகிறேன்,
திரும்ப வர முடியுமா, வருவியா.

யாரையோ ‘இரு’ என்று அதட்டிவிட்டு
அவன் கேட்டது ஒன்றுதான்:

“இப்ப காயுதா மேடம்?”

கையில் தாள்
பனியில் கொஞ்சம் நமுத்திருந்தது.